சுமை வைத்தால் கை தாழ வேண்டும்

என் அண்ணிக்கு அலுவலகத்தில் ‘நில்லு மேடம்’ என்று பட்டப்பெயர். வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான், அதனால் பிழைத்தான். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க அங்கே ஒருத்தருக்கும் வாய் வருவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கோபம் வந்து எதையாவது கூடுதலாகச் சொன்னாலும் சொல்வேன். சொல்லிவிட்டு ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்று இழுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அண்ணியும் நானும் ஒரே கம்பெனி. மருத்துவமனைகளுக்குத் தூக்கு இயந்திரம் செய்கிறோம். எழுந்திருக்க முடியாத நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கிற இயந்திரம். ஒரு தூண், அதிலிருந்து நீளும் ஓர் இரும்புக் கை, கையின் நுனியில் ஒரு துணித் தொட்டில், அவ்வளவுதான். தரைத்தளத்தில் சோதனைக்கூடம், அது என் இடம். செய்து வந்த கையில் இரும்புத் தட்டுகளைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது, எங்கே விரிசல் விடுகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. இரண்டாம் மாடியில் அண்ணி. நான் இரும்பில் செய்வதை, இரும்பு வாங்குவதற்கு முன்பே அவர் கணினியில் செய்துவிடுவார். கையின் உருவத்தைத் திரையில் கொண்டுவந்து, அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, இங்கே பிடி, இங்கே சுமை வை என்று மென்பொருளுக்குச் சொன்னால், கை எங்கெங்கே திணறுகிறது என்று அது நிறம் போட்டுக் காட்டும்.

சொன்னால் என்கிறேன். அந்தக் காலத்தில் சொல்வது என்றால் மவுஸைப் பிடித்துச் சொடுக்குவது. ஒரு சுமைக்கு நூற்று நாற்பது சொடுக்கு. நான் எண்ணிச் சொல்லவில்லை, அண்ணி எண்ணினார். கையின் ஐந்து நீளங்கள், ஒவ்வொன்றிலும் முப்பத்தாறு நிலைகள், ஆக நூற்றெண்பது தடவை அதே நூற்று நாற்பது சொடுக்கு. வடிவமைப்புப் பிரிவில் ஒருத்தர் எங்கேயாவது ஓர் அரை அங்குலத்தை மாற்றினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அண்ணியின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, வீட்டில் இடது கையால் பாத்திரம் தேய்த்தார். இரண்டு நாள் நான் தேய்த்தேன். அண்ணன் ஒரு நாள் தேய்த்துவிட்டு ஒரு மாதத்துக்குச் சொல்லிக்காட்டினான்.

அண்ணி படித்தது டிப்ளமோ. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வரைபடம் நகலெடுக்கிற வேலைக்கு உள்ளே வந்தவர். பட்டம் வாங்கியவர்களுக்குச் சாயும் நாற்காலி, இவருக்குச் சாயாத நாற்காலி. அதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. மென்பொருளின் ஒரு மூலையில் ‘பதிவு செய்’ என்று ஒரு பொத்தான் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதை அமுக்கிவிட்டு வேலை செய்தால், நாம் செய்வதையெல்லாம் மென்பொருள் வரிவரியாக ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தால், தானே அத்தனையையும் செய்யும். எழுதியிருப்பது பைத்தான் என்று மலைப்பாம்பின் பெயர் வைத்த கணினி மொழி. அந்தக் கோப்பைத் தாளில் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் அர்த்தம் எழுதிக்கொண்டு போனார்.

“உங்க அண்ணி பாம்பு பிடிக்கக் கத்துக்கிறா. எதுக்கும் கட்டில் மேல காலைத் தூக்கி வச்சுக்கோ,” என்றான் அண்ணன். அவன் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளன். அவனுக்குத் தெரிந்த கணினி, வண்டி வந்த நேரம் காட்டுகிற பலகைதான்.

ஏழு மாதம். முடிவில், கணினிக்கு அவரே எழுதிய கட்டளைகளாக, அறுநூறு வரியில் ஒரு ஸ்கிரிப்ட். முன்பு மூன்று வாரம் எடுத்த நூற்றெண்பது சுமைகளை, காலையில் ஓட விட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடும். சுமையை மாற்றும், நீளத்தை மாற்றும், கணக்குப் போடும், அட்டவணை எழுதும், அடுத்ததற்குப் போகும். அண்ணி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கட்டுப் பட்டை மேசை டிராயருக்குள் போனது.

அந்த அறுநூறு வரியில் ஏழு வரி வேறு மாதிரி. ஒவ்வொரு சுமைக்கும் கை எவ்வளவு தாழும் என்று ஒரு சாதாரணக் கணக்கு உண்டு, பென்சிலும் தாளும் போதும். அந்த ஏழு வரி அதைப் போட்டுப் பார்க்கும். மென்பொருள் சொல்கிற தாழ்வு அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால், ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரையில் இப்படிக் காட்டும்: ‘நில். சுமை வைத்தால் கை தாழ வேண்டும். தாழவில்லை. எங்கேயோ தப்பு.’ பட்டப்பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

ஒருநாள் நான் கேட்டேன், “எதுக்கு அண்ணி இது? கம்ப்யூட்டரே கணக்குப் போடுது, அதுக்கு மேல நீங்க ஒரு கணக்கா?”

“அது நான் சொன்னதைத்தான் செய்யும் தம்பி. நான் தப்பாச் சொன்னா தப்பை ரொம்ப அழகாச் செய்யும். கலர் எல்லாம் போட்டுக் காட்டும். யாராவது ஒருத்தர் நில்லுன்னு சொல்லணும்ல.”

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. இரும்புக் கையின் ஒவ்வொரு பரப்பையும் தொழிலில் முகம் என்பார்கள். மென்பொருள் ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கும். பதிவு செய்து எடுத்த கோப்பில் ‘நாற்பத்தேழாம் முகத்தில் சுமை வை’ என்றுதான் இருக்கும். நாற்பத்தேழு என்பது கையின் நுனி. ஆனால் யாராவது கையில் ஓர் ஓட்டை போட்டால் எண்கள் எல்லாம் இடம் மாறிவிடும். அப்போது நாற்பத்தேழு எங்கே போய் உட்காரும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். எண்ணுக்குப் பதிலாக ‘நுனி’ என்று பெயர் கொடுத்துக் கூப்பிட வேண்டும். மற்ற இடங்களையெல்லாம் அண்ணி அப்படி மாற்றிவிட்டார். சுமை வைக்கிற முகம் மட்டும் பாக்கி, ஏனென்றால் ஐந்து நீளத்துக்கும் கணினி மாதிரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைக்க வேண்டும். இரண்டு வாரம் கேட்டார்.

கேட்டது யாரிடம்? ஸ்லைடு சாரிடம். பிரிவின் தலைவர். எதைக் கேட்டாலும் ஸ்லைடில்தான் பதில் சொல்வார், வீட்டில் சட்னி உறைக்கிறது என்பதைக்கூட அம்புக்குறி போட்டுத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். “நல்லாத்தானே ஓடுது மேடம்? ஓடுறதைப் போய் ஏன் நோண்டுறீங்க?” என்று இரண்டு வாரத்தைக் கொடுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கவில்லை.

அடுத்த மாதமே அவர் மேலிடத்தில் போய் அந்த ஸ்கிரிப்டைக் காட்டினார். ‘எங்கள் பிரிவில் நான் கொண்டுவந்த புதிய முறை. மூன்று வாரம், இனி மூன்று மணி நேரம்.’ கைதட்டல். அது போகட்டும், கைதட்டல் வாங்குகிறவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள். அதோடு விட்டாரா? இனிமேல் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அதற்கு எதற்குத் தனியாக ஓர் ஆள் என்று அண்ணியை ஆவண அறைக்கு மாற்றிவிட்டார். அலமாரி, கோப்பு, பாகங்களின் எண் பட்டியல். எழுதி வைத்தவருக்கே அந்த எழுத்தால் வேலை போனது. அண்ணி, “அங்க ஜன்னல் பெருசு தம்பி, வெளிச்சம் நல்லா வருது,” என்றார்.

அந்த வருடம் புதிய மாதிரி ஒன்று வந்தது. விளக்குக்கு ஒயர் போக வேண்டும் என்று இரும்புக் கையின் நடுவே ஓர் ஓட்டை. ஆமாம், ஓட்டைதான்.

ஒரு புதன்கிழமை என் மேசைக்கு ஒரு தாள் வந்தது. புதிய கைக்குக் கணினி ஆய்விலேயே ஒன்பது மடங்கு பாதுகாப்பு, அதாவது தூக்க வேண்டிய சுமையைப்போல் ஒன்பது பங்கைத் தாங்கும் என்று வந்திருப்பதால், இரும்புச் சோதனை தேவையில்லை, நேராக உற்பத்திக்குப் போகலாம் என்று. ஒன்பது மடங்கா? பன்னிரண்டு வருடமாகத் தட்டு தொங்கவிடுகிறேன், இரண்டரைக்கு மேல் நான் பார்த்ததில்லை. அண்ணியிடம் கேட்கலாம் என்று ஆவண அறைக்குப் போனேன். ஸ்லைடு சார் ஏற்கெனவே அங்கே இருந்தார். கையில் தடியாக ஓர் அறிக்கை.

“ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க மேடம். ஆய்வு செய்தவர்னு இருக்கு பாருங்க, அங்க.”

இதுதான் கூத்து. ஆய்வு அறிக்கையில் கையெழுத்துப் போட அங்கீகாரம் வேண்டும், பரீட்சை எழுதி வாங்குவது. அந்தப் பிரிவிலேயே அது இருந்தது அண்ணிக்கு மட்டும்தான். வேலைக்கு ஆள் வேண்டாம், கையெழுத்துக்கு மட்டும் ஆள் வேண்டும்.

அண்ணி அறிக்கையைப் புரட்டினார். “கை எவ்வளவு தாழுது சார்?”

“அதெல்லாம் எதுக்கு இப்ப? உள்ள எங்கேயாவது இருக்கும்.”

அறுபத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு.

“சார், இது ஒரு தலைமுடி கனத்துல பாதிகூட இல்லையே. நூத்தம்பது கிலோ ஆளைத் தூக்குற கை.”

“அவ்வளவு உறுதியா வந்திருக்கு மேடம். சந்தோஷப்படுங்க.”

“ஸ்கிரிப்ட் நில்லுன்னு சொல்லலையா?”

“சொல்லிச்சு, சொல்லிச்சு, விடாம சொல்லிச்சு. நூத்தெண்பது தடவையும் நின்னா நான் எப்ப முடிக்கிறது? அதான் அந்த ஏழு வரியையும் அணைச்சு வச்சுட்டேன்.” அணைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வரியின் தலையில் ஒரு குறி போட்டால், கணினி அந்த வரியைப் பார்க்காமல் தாண்டிப் போகும். ஏழு வரிக்கு ஏழு குறி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது, தானும் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டோம் என்று.

அண்ணி பேனாவை மூடினார். “நான் போட மாட்டேன் சார்.”

“யோசிச்சுப் பேசுங்க. இந்த ரூமுக்கும் ஆள் தேவையான்னு மேல கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்.”

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே மிரட்டிய அந்த மனிதரைவிட, சுவர் மாதிரி நின்ற என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அதை இப்போதும் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணன் தன் பங்குக்கு ஆரம்பித்தான். “ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டுப் போயேன். நீயா ஓட்டினே, அந்த ஆள் ஓட்டினான். ஏதாவது ஆனா அவன் தலை.”

“தலை அவரோடது இல்லைங்க,” என்றார் அண்ணி. “தொட்டில்ல படுத்திருக்கிறவங்களோடது. அவங்களால எந்திரிக்க முடியாதுன்னுதானே அதுல ஏத்துறாங்க. கை முறிஞ்சா, தள்ளிப் படுக்கக்கூட முடியாது.”

அண்ணன் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தான். அதை மட்டும் அவன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அண்ணி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். கையின் நீளம், கனம், சுமை. கீழே கோடு போட்டு எழுதினார்: பதினொரு மில்லிமீட்டர். “தம்பி, அந்தப் புதுக் கை உங்ககிட்ட ஒண்ணு இருக்கா?”

“மாதிரிக்குன்னு ஒண்ணு வந்து மூலையில கிடக்கு.”

“தட்டு தொங்கவிட்டுப் பாக்கலாமா? வேண்டாம்னு தாள் குடுத்திருக்காங்க. உங்க வேலைக்கு ஏதாவது வந்துடுமோ?”

“வந்தா வரட்டும் அண்ணி. புதன்கிழமை ஒரு தடவை சுவரா நின்னாச்சு, போதும்.”

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அண்ணி கீழே வந்தார். தனியாக வரவில்லை. தரப்பிரிவு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இயந்திரம் வெளியே போகலாமா கூடாதா என்று முத்திரை குத்துகிறவர் அவர். எதற்கும் சிரிக்காதவர், எதையும் மறக்காதவர். “சோதனை வேண்டாம்னு தாள் வந்துச்சு, நானும் சரின்னுட்டேன். இப்ப என்ன?” என்றார். அண்ணி அறிக்கையின் அறுபத்தெட்டாம் பக்கத்தையும், தன் பென்சில் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ரெண்டுல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும் மேடம்.”

கையைத் தூணில் மாட்டி, நுனியில் அளவுமானியை வைத்து, தட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். அறிக்கை சொன்னபடி பார்த்தால் முள் அசையவே கூடாது. முதல் தட்டிலேயே நகர்ந்தது. நூற்றைம்பது கிலோவில் முள் பதினொன்றைத் தாண்டி ஒரு கோடு தள்ளி நின்றது. தரப்பிரிவு அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து இன்னொரு முறை பார்த்தார்.

“ஒன்றரை மடங்கு வரைக்கும் ஏத்தணும் இல்லையா விதிப்படி?” என்றார். “ஏத்துங்க.”

இருநூற்று இருபத்தைந்து வரை போக வேண்டும். இருநூறுக்குத் தட்டு வைக்கும்போதே அந்த ஓட்டையின் ஓரத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பேனா மூடியைத் திறக்கிற அளவுதான். குனிந்து பார்த்தால் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். நான் எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டுத் தட்டுகளை இறக்கினேன். ஒன்பது மடங்கு பாதுகாப்பு, ஒன்றரை மடங்கைக்கூடத் தாங்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உற்பத்தியை நிறுத்தினார்கள். அண்ணி மாடிக்குப் போய், எல்லார் முன்னாலும் அந்த ஏழு குறியை நீக்கி ஓட விட்டார். முதல் சுமையிலேயே ‘நில்’ வந்தது. ஓட்டை போட்டதில் நாற்பத்தேழாம் முகம் நுனியிலிருந்து அடிப்பக்கத்துக்கு, போல்ட் மாட்டுகிற இடத்துக்குப் போயிருந்தது. சுமை அத்தனையும் தூண் மேலேயே உட்கார்ந்திருந்தது, கைக்கு ஒரு வேலையும் இல்லை. எப்படித் தாழும்? முகத்துக்கு ‘நுனி’ என்று பெயர் வைத்து, எல்லா நீளத்துக்கும் மறுபடி ஓட்டினார். இரண்டு வாரம் ஆனது. கேட்டபோதே கொடுத்திருக்கலாம் இல்லையா அந்த இரண்டு வாரத்தை? ஓட்டையைச் சுற்றிக் கனமான வளையம் வைத்தார்கள். புதிய கை என் தட்டுகள் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நின்றது.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். ஸ்லைடு சார் பத்து ஸ்லைடு போட்டார். ஏழாவது ஸ்லைடில் சிவப்பு எழுத்து: ‘காரணம், ஸ்கிரிப்டை எழுதியவர் முகத்தை எண்ணால் குறிப்பிட்டது.’ அணைத்த ஏழு வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. பூசி மெழுகியாகிவிட்டது. அண்ணிக்கு ஒரு குற்றக் குறிப்பாணை வந்தது. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும்.

“கிழிச்சுப் போடுங்க அண்ணி,” என்றேன். “நான் மேல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்.”

“எதுக்குக் கிழிக்கணும்? எண்ணால கூப்பிட்டது நான்தானே. உண்மைதானே தம்பி.”

“உங்களுக்கு ரெண்டு வாரம் தராதது யாரு?”

“அது அவர் தப்பு. இது என் தப்பு. தாள்ல என் தப்புதான் எழுதியிருக்கு, நான் போடுறேன்.” பொய்யான அறிக்கையில் போடாத கையெழுத்தை, நிதானமாக, தேதியோடு அதில் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தில் வருகிற அழுகை, வேறொன்றும் இல்லை.

போட்டவர் பேனாவை மூடவில்லை. கையெழுத்துக்குக் கீழே அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டார். கோட்டின் கீழே சின்ன எழுத்தில் எழுதினார்: ‘சரிபார்க்கும் ஏழு வரிகளை அணைத்தவர் கையெழுத்து.’ எழுதிவிட்டுத் தாளை நேராகத் தரப்பிரிவு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த அம்மா வாங்கிப் பார்த்தார். தரப்பிரிவில் ஒரு விதி உண்டு, ஒரு தாளில் கையெழுத்துக்கென்று கோடு இருந்தால், அது நிரம்பாமல் அந்தத் தாளை முடிக்க முடியாது. முடியாத தாள்களின் பட்டியலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டத்தில், மேலிடத்தார் முன்னால், அவர்தான் படிப்பார்.

அண்ணி மறுபடி இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டார், அதே சாயாத நாற்காலிக்கு. ஏழு வரியும் அறுநூறு வரிக்கு நடுவே விழித்துக்கொண்டிருக்கின்றன. திங்கட்கிழமைகளில் கூட்டம் முடிகிற நேரத்தில், தரப்பிரிவு அம்மா கடைசித் தாளை எடுத்து, அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதியிருப்பதை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டு, ஸ்லைடு சாரைப் பார்த்து, “இது இன்னும் காலியா இருக்கு சார்,” என்கிறார். சார் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். நேற்றோடு பதினேழு திங்கட்கிழமை.